கூரைக்குள் அளந்த மழை

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. செய்யூரில் நீ கூட்டிப் பெருக்கிய தாலுகா அலுவலக வளாகத்தில் இப்போது தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறார்கள். மழையை அதுவே அளந்து அதுவே அனுப்பிவிடுகிறது. காலை எட்டரைக்கு யாரும் போய் நிற்க வேண்டியதில்லை.

அன்று நின்றிருக்க வேண்டியவள் நான்.

அந்த ஐப்பசியில் காய்ச்சலில் கிடந்த நீ, நோட்டைக் கொடுத்து மூன்று நாள் மட்டும் மழைமானியைப் பார்த்து எழுதச் சொன்னாய். எழுத்தர் உன் தலையில் கட்டிய வேலை அது. எண்களை மட்டுமே படிக்கத் தெரிந்த நீ ஒருநாளும் தவறவிட்டதில்லை.

முதல் நாள் போனேன். தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றக் குனிந்தபோது எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர், "இன்னாமா, டிகிரி படிச்சிட்டு மழத்தண்ணி மோந்துகினு கீற?" என்றார். கடையே சிரித்தது. அளக்காமலே கொட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து, கூரைமேல் விழும் சத்தத்தை வைத்து மூன்று நாளுக்கும் மில்லிமீட்டர் எழுதினேன். நம்முடையது ஓலைக்கூரை. பெருமழையையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஊரார் பிடுங்கிப் போட்டிருந்த வேர்க்கடலை கொல்லை நிலத்திலேயே முளைத்து அழுகியது. நிவாரணம் கேட்டுப் போனவர்களுக்கு அதிகாரி நோட்டை விரித்துக் காட்டினார். இந்தத் தூறலுக்கா அழுகியது என்றார். அளவு தப்பு என்று அவர்கள் சத்தம் போட, உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான்தான் சார் தப்பா பாத்துட்டேன். கண்ணு சரியா தெர்ல."

கணக்கு மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார் அதிகாரி. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் நீ, "சோறு வடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாய். ஏன் அம்மா என்னை அடிக்கவில்லை?

கடைசிவரை ஊர் உன்னைக் கண் தெரியாதவள் என்றது. அந்த நோட்டை உன் கையில் மறுபடி யாரும் தரவில்லை.

நான் இப்போது மாமல்லபுரத்தில், வானிலைத் தகவல் சொல்லும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். நான் சொல்லும் காற்றின் வேகத்தை நம்பித்தான் மீனவர்கள் படகை இறக்குகிறார்கள். "கரெக்டா பாத்து சொல்லும்மா, புள்ளகுட்டிக்காரன் நானு" என்றார் ஒருவர் நேற்று. அவருக்குத் தெரியாது, யாரிடம் கேட்கிறார் என்று.

வருகிற நம் ஊர் கிராம சபையில் எழுந்து நிற்பேன் அம்மா. கடலையை இழந்தவர்களின் முகத்தைப் பார்த்து அந்த மூன்று நாளையும் சொல்வேன். உன் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்வேன்.

தலைகுனிந்து,
நீ காட்டிக்கொடுக்காத உன் மகள்
கலா