அவருடைய மீன் பீப்பாய்

அக்டோபர் 9

இன்று மானம் போயிருக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்தவர்களுக்கு வழக்கப்படி மது ஊட்டிப் பாடும்போது மூன்றாவது அடி மறந்துவிட்டது. சந்தையில் வாங்கவேண்டிய காய்களின் பெயர்களையே எங்கள் தோங் மொழியில் ராகம் போட்டுப் பாடிவிட்டேன். ஷாங்காய்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுப்படியில் ஓரகத்தி மெய்ஜியாவ் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் இருந்தால், "இஞ்சிய விட்டுட்டியே" என்றிருப்பார். அவர் ஆஸ்பத்திரியில்.

அக்டோபர் 12

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். டாக்டர் அவரிடம் "புண்" என்றார். என்னிடம் வேறு சொன்னார். வயிறு முழுக்கப் பரவிவிட்டதாம்.

கடைக்கு மேலேதான் எங்கள் அறை. படுத்தபடி மோப்பம் பிடித்தார்.

"கீழ என்ன கொதிக்குது?"

"மாட்டு வயித்துப் புல் சாறு. ஒருத்தன் ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டு, அப்புறமா இது என்னதுன்னு கேட்டான்."

"சொன்னியா?"

"காச வாங்கிட்டுச் சொன்னேன்."

சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது அவருக்கு.

அக்டோபர் 15

கஞ்சியும் இறங்கவில்லை.

அக்டோபர் 18

புளித்த மீன் கேட்டார். கடைப் பீப்பாயில் இருப்பது வேண்டாமாம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிறதே, அவருடைய பீப்பாய் — அதிலிருந்து. மகள் யின் பிறந்த வருடம் எங்கள் வயலில் பிடித்த கெண்டை. உப்பு, மிளகாய், ஒட்டரிசிச் சோறு எல்லாம் அவர் கையாலேயே அடைத்துக் கல்லேற்றி வைத்தது. அவர் போகும் நாளில் வருகிறவர்களுக்கு. அன்றைக்கு இறைச்சி ஆகாது, மீன்தான்.

"எஞ்சாவுக்கு வர்றவனெல்லாம் தின்பான். நான் மட்டும் வாயப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா, யின் அம்மா?"

"மொதல்ல செத்துக் காட்டுங்க. அப்புறம் பரிமாறுறேன்."

எப்போதும் போலத்தான் பேசினேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது. என்ன வாய் இது எனக்கு?

ஆள் இருக்கும்போதே அந்தக் கல்லை நகர்த்துவதா — மாட்டேன்.

அக்டோபர் 20

"குடுத்துருடி. ஆசப்பட்டுக் கேக்குறாரு" என்றார் அக்கா.

"தொறந்தா, வா வான்னு கூப்புட்ட மாதிரி ஆயிரும்க்கா."

"கூப்புடாமயே வந்து உக்காந்திருக்கு."

சாயங்காலம் வரை அக்காவோடு பேசவில்லை.

அக்டோபர் 22

ஏமாற்றப் பார்த்தேன். கடை மீனில் ஒரு துண்டை எடுத்து, உங்கள் பீப்பாய் மீன்தான் என்று ஊட்டினேன். கண்ணை மூடி நாக்கிலேயே வைத்திருந்தார்.

"இது கடைக்கு வர்றவனுக்கு வெக்கிறது. வயிறுதான்டி போச்சு, நாக்கு போகல."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன கேலி செய்தாலும் முகம் திருப்பாத மனுஷன்.

சரி. நாளைக் காலையில் திறந்துவிடுகிறேன். குவாங்சோவிலிருந்து யினும் வந்துவிடுவாள்.

அக்டோபர் 23

விடியும்போதே போய்விட்டார்.

அக்டோபர் 25

பீப்பாயைத் திறந்தேன். மீன் செக்கச்செவேல் என்று, முள்ளெல்லாம் மெத்தென்று இருந்தது. ஊரே சாப்பிட்டது. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். உப்பு ஒரு கை தூக்கல். இத்தனை வருடம் என் கைப்பக்குவத்தைக் குறை சொன்னவர்! சொல்லிக் காட்ட ஆளில்லை.

கல்லை இறக்கும்போது கைநழுவி இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. நொண்டியபடி பரிமாறினேன். அவருடைய அத்தை மகள்கள் இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கல் விழுந்துவிட்டது என்றேன். "ஆமாம்மா, ஆமாம்" என்று முதுகைத் தடவினார்கள். சாயங்காலம் வரை விடவில்லை. நகம் கறுத்துவிட்டது.