கோட்டுப் பையில் இருந்த நகல்

வெண்டல்,

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய மார்லீன்மீது நம் நகரச் சட்டப்படி நகர வக்கீலாக வழக்குப் போட்டது நீ. நகராட்சி எழுத்தராக அந்தச் சட்டத்தின் நகலில் முத்திரையிட்டு உன்னிடம் தந்தது நான்.

"இது பல ஊருக்கும் பொதுவான கவுண்டி கோர்ட், வக்கீல் சார். உங்க ஊர்ச் சட்டத்தைக் காட்டாம எனக்கெப்படித் தெரியும்?" என்றார் நீதிபதி.

"மறந்துட்டேன், யுவர் ஆனர்."

பதினெட்டு ஆண்டுகளில் நீ ஒருமுறைகூட மறந்ததில்லை. வழக்கு தள்ளுபடியானது, மறுபடி போடலாம் என்றார். பார்வையாளர் பெஞ்சில் என் பக்கத்திலிருந்த தோழி டோரீன், "அவ சிரிப்பைப் பார்த்தா எனக்கே மறந்துடும்டி," என்றாள். மார்லீனின் சிரிப்பைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

நகல் உன் கோட்டுப் பையிலேயே இருந்தது. அதை மேசைமேல் வைத்திருக்கிறேன். நாளை வழக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வா. போடாவிட்டால் வர வேண்டாம்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் மனைவி