இறுதிப் போட்டி எந்த ஊரில்

என் செல்ல மகளே,

எழுபத்தாறு வயதில் எழுதக் கற்றுக்கொண்டு நானே எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு வரி முடிந்ததும் சிரிப்பு வருகிறது.

கல்லூரிக் கால்பந்து இறுதிப் போட்டியை நம் மினசோட்டாப் பனியில் வைப்பதா, புளோரிடா வெயிலிலா என்று உங்கள் குழு வெள்ளிக்கிழமை ஓட்டெடுக்கிறது. இங்கே வைத்தால் உன் மகனின் கடைசி ஆட்டத்தை நேரில் பார்ப்பேன். இந்த நெஞ்சோடு விமானம் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர்.

சனிக்கிழமை உறைபனியில், உன் மகன் கையில்லாத சட்டையோடு, குளிர் தாங்க வாஸ்லைன் களிம்பைக் கைகளில் பூசிக்கொண்டு ஆடப் போனான்.

"முழுக்கைச் சட்டை போடுடா."

"எதிர் டீம் டெக்சஸ்காரன் சிரிப்பான் தாத்தா! மரம் வெட்டுறப்ப நீங்க போட்டீங்களாக்கும்?"

நான் போட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் ஷூ கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். அவன் விரல்கள் மடங்கவில்லை.

வெயிலுக்கே ஓட்டுப் போடு. எனக்கு டிவி போதும் என்று எழுதிவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

உன் அப்பா