கே. ஜோசப் கேட்ட கேள்வி

பிப்ரவரி 5, வியாழன்

விடியும்போதே புழுக்கம். என் மட்டாஞ்சேரி மாடி அறைக்குக் கீழே, கிடங்கில் சுக்கு மூட்டை பிரித்திருக்கிறார்கள். ஒரு வரிக்கு ஒரு தும்மல்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தொலைத்துவிடுகிறேன். நேற்று என் ஆன்லைன் கருத்தரங்கு. பேசியவள் நான். கேட்டவர்களில் ஒருத்தியும் நான். லேப்டாப்பில் என் சொந்தப் பெயர், போனில் 'செல்வி, மதுரை'. கூட்டம் காட்டத்தான். நாற்பத்தாறு வயது, பொருளாதாரத்தில் முனைவர் பட்டம், தன் பேச்சுக்குத் தானே ஆள் பிடிக்கும் பிழைப்பு.

அதோடு விட்டேனா? பேச்சு முடிந்ததும் செல்வி "அருமையான உரை" என்று சாட்டில் எழுதுவதாக ஏற்பாடு. முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன். விரல் பட்டு இரண்டாவது ஸ்லைடிலேயே போய்விட்டது. நான் அப்போது தலைப்பைத் தாண்டவில்லை.

வந்தவர்கள்:
எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டர். வணக்கம் சொன்னார், "நெட் சரியில்ல, நீங்க பேசுங்க" என்றார், மறைந்தார்.
அனந்து. கருத்தரங்கு நடத்துவது அவன் வேலை, தப்பிக்க முடியாது.
செல்வி.
கே. ஜோசப்.

இந்த கே. ஜோசப் யார்? முகம் இல்லை, குரல் இல்லை, கறுப்புக் கட்டத்தில் பெயர் மட்டும். ஆனால் கடைசிவரை இருந்தார். நான் முடித்ததும் அனந்து, "கேள்விகள் உண்டோ?" என்றான். அந்த மௌனம் இருக்கிறதே, பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டுக் கடிகாரம் பார்ப்பார்களே, அந்த ரகம். சரி, செல்வியையே ஏதாவது கேட்க வைப்போம் என்று போனை எடுக்கிறேன், சாட்டில் ஒரு வரி.

"மழை மாதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இந்த முடிவு நிற்குமா?" கே. ஜோசப்.

என் ஆராய்ச்சி இவ்வளவுதான்: மட்டாஞ்சேரியில் மிளகு விலை ஏறினால் விருதுநகர் சந்தைக்கு அது எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது. மழையில் மலைப்பாதை அடைபடும், லாரி நிற்கும், மிளகில் பூஞ்சை பூக்கும். மழையை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்கவும் இல்லை. "நல்ல கேள்வி" என்றேன். எங்கள் தொழிலில் அதற்கு அர்த்தம், பதில் தெரியாது.

என் கட்டுரையைப் பற்றி யாரோ கேட்ட முதல் கேள்வி. எழுத்து ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தோப்பும்படி பாலத்தில் பஸ் நின்றது நின்றதுதான். எர்ணாகுளம் ஆபீஸ் போய்ச் சேரும்போது புடவை கசங்கி, நானும்.

'இளம் ஆய்வாளர்' என்று என் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். பட்டம் வாங்கி எத்தனை வருஷம் என்றுதான் கணக்கு, பிறந்து எத்தனை வருஷம் என்று இல்லை. சட்டப்படி நான் இளசு. மார்ச் கடைசியோடு அந்த இளமையும் தீருகிறது.

அடுத்து எங்கே? இன்று பார்த்த விளம்பரங்கள்:
டெல்லி. முப்பத்தைந்துக்குள். போச்சு.
வெளிநாடு. மூன்று சிபாரிசுக் கடிதம். எனக்காக எழுதக்கூடிய மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவருக்கு என் பெயர் மறந்துவிட்டது.
பெங்களூர். வயது வரம்பு இல்லை!! இரண்டு வருஷம். ஒரு கட்டுரை, ஒரு சிபாரிசு. ஆனால் 'துடிப்பான' ஆள் வேண்டுமாம். மாடிப்படி ஏறினால் எனக்கு நன்றாகவே துடிக்கிறது.

அனந்து என் எதிர் மேசை. இருபத்தெட்டு வயது, திருப்பூணித்துறைக்காரன், தமிழ் முழுக்கச் சினிமாவில் கற்றது. சாயா குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"யாருடா அந்த ஜோசப்?"

"அறியில்ல சேச்சி." சாயாவுக்குள் ஏதோ விழுந்த மாதிரி உற்றுப் பார்த்தான். "வெளியில உள்ள ஆளாயிருக்கும். லிங்க் எல்லாருக்கும் போயிருக்கே." பிறகு, "அந்த செல்வி மேடம் யாரு? எந்த காலேஜ்? டைரக்டருக்கு ரிப்போர்ட் எழுதணும்."

"தெரியலையே. மதுரைப் பக்கமா இருக்கும்."

"நல்ல மேடம். ரெண்டாவது ஸ்லைடுலயே அருமைன்னு சொல்லிட்டாங்க."

"சில பேருக்குச் சட்டுனு புரியும்டா."

பாவம், அவனுக்கும் கவலை. ஆள் குறைந்தால் டைரக்டர் புதன்கிழமைக் கருத்தரங்கையே நிறுத்திவிடுவாராம். நிறுத்தினால் அவனுடைய வேலையும் போகும். போன மாதம் ஒரு புதன் பேசியவரும் அவனும் மட்டுமாம். "ஒரு மணிக்கூர் சேச்சி. முகத்தோடு முகம்."

பிப்ரவரி 7, சனி

மேகம். மழை இல்லை.

பழைய காலேஜ் தாளாளர் போன். திருநெல்வேலிப் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரி. பதினாறு வருஷம் அங்கே தூங்குகிறவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன்.

"என்னம்மா, டாக்டர் பட்டத்தை வச்சுக்கிட்டு அங்க என்ன செய்தீய? மிளகு எண்ணுதீயளா?"

"விலைங்க சார்."

"எல்லாம் ஒண்ணுதான். பி.காம் துறைத் தலைவர் நாற்காலி காலியா கிடக்கு. வந்து உக்காருங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லிருங்க, இன்னொரு அம்மா ரெடியா நிக்காவ."

அந்த நாற்காலி எனக்குத் தெரியும். ஒரு கால் ஆடும். ஆனாலும் நாற்காலி. ஓய்வு வரைக்கும் யாரும் அசைக்க மாட்டார்கள். ஆராய்ச்சியும் அசையாது.

இறங்கும்போது வீட்டுக்கார சபூராக்கா பிடித்துக்கொண்டார். பாலக்காட்டுக்காரர், என் வாழ்க்கைக்கு இந்த ஊரில் அவர்தான் முழு அதிகாரம்.

"டீச்சரே, மார்ச்சுக்கு அப்புறம் இருப்பீங்களோ, இல்லியோ? எங்க கொழுந்தன் மவன் மேல் ரூம் கேக்கறான். நோன்பு தொடங்கறதுக்குள்ள சொன்னா கொள்ளாம்."

"சொல்றேன்க்கா."

"கல்யாணத்துக்கும் இதே பதில்தான் சொன்னீங்களோ?"

சிரித்தேன். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு அவ்வளவு சிரிப்பாக இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில். துணி துவைத்தாயிற்று.

இன்று நான் வாய் திறந்து பேசியவை, மொத்தமும்: "அரைக் கிலோ." "பை வேண்டாம்." "போ அந்தப் பக்கம்" (ஆட்டிடம். சுக்குக் கிடங்கு வாசலில் படுத்திருப்பது. நகரவில்லை.)

காலையிலிருந்து ஜோசப் சொன்னபடி மழை மாதங்களை நீக்கி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். உடைந்துபோகும் என்று பயம். உடைந்தால் பெங்களூருக்கு அனுப்பக் கட்டுரையே இல்லை, ஆடும் நாற்காலிதான்.

உடையவில்லை! முன்பைவிடச் சுத்தமாக வருகிறது. முடிவு தற்செயலாக வந்தது இல்லை என்று காட்ட எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவோம். ஒன்று போட்டால் சுமார், மூன்று போட்டால் கெட்டி. இதுவரை எனக்கு ஒன்றுதான். இன்று மூன்று.

எழுந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அனந்துவுக்குப் போடலாம், ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையனைத் தொந்தரவு செய்வானேன். கீழே போனேன். சபூராக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு மூணு நட்சத்திரம் வந்திருக்கு."

"மாஷா அல்லாஹ்" என்றார், நிமிராமல். "அந்தச் சட்டிய இங்கோட்டு எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். உண்மையில் சொல்ல வேண்டியது ஜோசப்பிடம். இந்த ஊரிலோ எந்த ஊரிலோ ஒரு மனிதர் என் கட்டுரையைப் படித்து, ஓட்டை எங்கே என்று பார்த்து, சண்டை போடாமல், தன் பெருமை பேசாமல், ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கண்டிப்பாகப் பெரிய ஆள். பெரிய ஆட்கள்தான் ஒரு வரியில் கேட்பார்கள். பெங்களூர்த் தேர்வுக் குழுவில் ஒருவராகக்கூட... சரி, சரி. ஆசைக்கும் ஒரு அளவு.

ரிட்டயர்டு என்று வைத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடி. மனைவி இல்லை. (இது ஏன் எழுதினேன்?)

பிப்ரவரி 9, திங்கள்

சிபாரிசுக் கடிதத்துக்காகப் பழைய வழிகாட்டிக்குப் போன். என் பெயரை மறந்தவர். ஞாபகப்படுத்தினேன். "ஓ, ஏலக்காய்!" "மிளகு சார்." "நீயே எழுதி அனுப்பும்மா, நான் கையெழுத்துப் போடறேன்." எல்லோரும் இப்படித்தான். நாட்டில் பாதிப் பேர் தங்களைத் தாங்களே சிபாரிசு செய்துகொண்டு திரிகிறோம்.

எழுத உட்கார்ந்தேன். முதல் முயற்சி, 'நேரம் தவறாதவர்'. வாட்ச்மேன் வேலைக்குப் போகிற மாதிரி. இரண்டாவது முயற்சியில் புகழ்ந்து தள்ளிவிட்டேன். படித்துப் பார்த்தால், இப்படி ஒருத்தியைச் சந்திக்க எனக்கே ஆசை வந்தது.

மூன்றாவதில் ஒரு வரி சேர்த்தேன். 'இவருடைய ஆய்வு வெளி அறிஞர்களின் கவனத்தை ஈர்த்திருக்கிறது.' அறிஞர்கள், பன்மை. ஜோசப்போடு செல்வியைச் சேர்த்தால் பன்மைதானே.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலை நல்ல காற்று. வல்லார்பாடம் பக்கத்துத் துறைமுகக் கிரேன்கள் ஆபீஸ் போகும் படகிலிருந்து தெளிவாகத் தெரிந்தன. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், வேறு எதுவும் கிடைக்காததால்.

தாளாளருக்குப் போன் செய்தேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன்.

"நல்லா யோசிச்சியளா? பொறவு வந்து கேட்டா இடம் இருக்காது, பாத்துக்கிடுங்க."

"யோசிச்சிட்டேன் சார். இங்க என் வேலைய கவனிக்கிறாங்க."

"யாரு?"

"வெளியில. பெரிய ஆளுங்க."

வைத்தேன். பெங்களூருக்கு விண்ணப்பம் அனுப்பினேன், மழை இல்லாத புது அட்டவணையோடு. பிறகு சபூராக்காவுக்கும் சொன்னேன், ரூமைக் கொழுந்தன் மகனுக்கே கொடுங்கள், நான் பெங்களூர் போவேன் என்று. கிடைத்துவிட்டதா என்றார். கிடைக்கும் என்றேன்.

மத்தியானம் அனந்துவிடம் எல்லாம் சொன்னேன். வாழைப்பழத்தை உரித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சேச்சி, காலேஜ் வேண்டாம்னு சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"ஒரு கேள்விய வெச்சா?"

"கேள்வி சும்மா வராதுடா. படிச்சாத்தான் வரும். ஒருத்தர் படிச்சிருக்காரு."

"அது... அந்த ஜோசப்பு..." என்று ஆரம்பித்தான். டைரக்டர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டான். திரும்பி வந்தான். பழத்தை என்னிடம் கொடுத்தான். நான் கேட்கவே இல்லை.

பொறாமையாக இருக்கும். அவனுடைய கட்டுரைக்கு ஒரு ஜோசப் வரவில்லையே.

பிப்ரவரி 11, புதன்

புழுக்கம், மறுபடி. சாயந்திரம் எழுதுகிறேன்.

இன்று ஜெய்ப்பூரிலிருந்து ஷீபா என்ற பெண் ஆன்லைனில் பேச்சு. தையல் மிஷின் வாங்கிய பெண்கள் பற்றி. எனக்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. ஜோசப் வருவார் என்றுதான் போனேன். நல்ல காட்டன் புடவை, அவர் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே. அவருக்கு அனுப்ப ஒரு வரி தயாராக வைத்திருந்தேன்: 'ஐயா, முடிவு நிற்கிறது. நன்றி.'

ஹாலில் அனந்துவும் நானும், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சுவரில் பெரிய திரை. ஆள் குறையக்கூடாதே என்று செல்வியும் என் மடியில் போனில் வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரையில் 'கே. ஜோசப்'. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. துடிப்பான ஆள்.

ஷீபா நன்றாகத்தான் பேசினாள். முடித்தாள். "கேள்விகள் உண்டோ?" என்றான் அனந்து. அதே மௌனம். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு காத்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சரி, செல்வியை அனுப்பிக் காப்பாற்றுவோம் என்று குனிந்தேன். பக்கத்தில் அனந்துவும் குனிந்திருந்தான். மேசைக்கடியில் அவன் போன், அவன் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

சுவரில் கே. ஜோசப்: "மழை மாதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இந்த முடிவு நிற்குமா?"

ஷீபா அதைச் சத்தமாக வாசித்தாள். "நல்ல கேள்வி" என்றாள்.

அவளுடைய சர்வே முழுவதும் ஒரே ஜனவரியில் எடுத்தது.