வாடையில்லாத தண்ணீர்

தண்ணீர் நிலையக் குடியிருப்பு
28 நவம்பர் 1993

அன்புள்ள லுயாண்டோ அம்மாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. முதல் மழை கொட்டியதில் மாட்டுப்பட்டிச் சாணமெல்லாம் அணைக்குள் வந்துவிட்டது. டீயில்கூட குளோரின் வாடை என்று ஊர்ப் பெண்கள் வாளியோடு கேட்டுக்கு வந்து என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். அவர்கள் வாய்க்குப் பயந்து தண்ணீரில் ஊற்றும் குளோரின் மருந்தைக் குறைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லுசாகா வரவில்லை. நான் வந்தால்தானே சண்டை? வருவதைக் குறைத்தால் அதுவும் குறையும். எனக்கு ஒருத்தனுக்காக நிஷிமாக் களி கிண்ட மனமே வருவதில்லை.

உன் ஹமூங்கா

லுசாகா
9 டிசம்பர்

லுயாண்டோ அப்பாவுக்கு,

மகள் லுயாண்டோ நலம். தையல் கடை வேலை என் முதுகை ஒடிக்கிறது. "அத்தானுக்கு ஊருக்கு வரப் பயமா, இல்ல உன்னப் பாக்கவே பயமா?" என்று தங்கை கேட்கிறாள். மகளுக்குப் புதுச் சட்டை தைத்து, அதைப் பார்க்க அப்பா வருவார் என்றும் சொல்லிவைத்தேன். எனக்கு இது தேவைதான். கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

சோல்வே

20 டிசம்பர்

அன்புள்ள லுயாண்டோ அம்மாவுக்கு,

மருந்தைக் குறைத்ததும் வாடை கூடிவிட்டது. சாணத்து அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் வருவதுதான் அந்த வாடை. மருந்தை அரைகுறையாக ஊற்றினால் வாடை அப்படியே நிற்கும், அம்மோனியா தீரும்வரை ஊற்றினால்தான் போகும். துணிந்து கூட்டினேன். முதலில் இன்னும் நாறியது, பிறகு சுத்தமாகப் போய்விட்டது.

கேட்டில் ஒரு பெண், "இப்பத்தான் மருந்தக் கொறச்சீங்களாக்கும்" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரிக்க யாரும் இல்லை.

உன் ஹமூங்கா

3 ஜனவரி 1994

லுயாண்டோ அப்பாவுக்கு,

தண்ணீர் விஷயத்தில் தெரிவது என் விஷயத்தில் தெரியவில்லையே. சனிக்கிழமைகளில் வருவீர்கள். சண்டை பாதியில் இருக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவீர்கள். ஒன்றையாவது நாம் முடித்திருக்கிறோமா? விடுப்பு எடுத்து வாருங்கள். தீரும்வரை போடுவோம்.

சோல்வே

17 ஜனவரி

அன்புள்ள லுயாண்டோ அம்மாவுக்கு,

மழைக்காலத்தில் மாற்று ஆள் கிடையாது என்கிறார்கள். ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஹமூங்கா

20 மார்ச்

அன்புள்ள லுயாண்டோ அப்பாவுக்கு,

நாங்கள் நலம். மகள் நன்றாகப் படிக்கிறாள். கடையில் என்னை மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் வசதிப்படி வாருங்கள், அவசரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோல்வே

28 மார்ச்

சோல்வே,

உன் கடிதத்தில் ஒரு குறைகூட இல்லை. திருப்பித் திருப்பித் தேடிவிட்டேன்.

தண்ணீரில் மருந்து போதுமான அளவு இருந்தாலும் வாடை வராது, மருந்தே இல்லாவிட்டாலும் வராது. மோந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மாத்திரையைப் போடுவோம், இங்கே இருந்தபோது நீயே பார்த்திருக்கிறாய். தண்ணீர் சிவந்தால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கடிதத்தில் எதைப் போட்டுப் பார்ப்பது? எனக்குப் பயமாக இருக்கிறது.

கெஞ்சிக் கூத்தாடி மாற்று ஆள் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். திரும்புவதற்கு நாள் குறிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் என்னைத் திட்டு.

ஹமூங்கா