வாங்கியவர் தொழில்: தையல்

அக்காவுக்கு,

ஆறு வருஷமாகப் பேசாதவன் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படி.

அப்பா போன பிறகும் வீட்டு வரி ரசீது அவர் பெயரில்தானே வருகிறது, வீட்டை என் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பத்திர ஆபீசுக்குப் போனேன். மூன்று நாள் தேடியும் அப்பா பெயரில் ஒன்றுமே இல்லை. கடைசியில் கதவு எண்ணை வைத்துப் பழைய பத்திரத்தை எடுத்த கிளார்க் கேட்டார்: "சார், இத ஒரு பொண்ணுல்ல வாங்கியிருக்காங்க. தொழில் தையல்னு போட்டிருக்கு. உங்களுக்கு யாரு?"

அம்மாதான். கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே, தனியாளாக வாங்கியிருக்கிறாள். அச்சடித்தாற்போல் கையெழுத்து. அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பது நம் அப்பா.

"இது எங்கப்பா வீடு, உனக்கு இங்க என்ன வேலை" என்று உன்னை நான் விரட்டிய அன்று, அம்மா மெஷினை நிறுத்தினாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். சொல்லவில்லை. மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தன் வீட்டைவிட்டுத் தானே இறங்கி உன்னோடு வந்துவிட்டாள். எப்பேர்ப்பட்ட மனுஷி.

அவள் மெஷின் இருந்த ஜன்னலோரம் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரம்மா எப்போது வருகிறார்கள் என்று கேட்டு எழுது. நீயும் வா.

அம்மா வீட்டில் குடியிருக்கும்
உன் தம்பி