தாளின் தலையில் சிலுவை

குட்டிம்மா,

நீ ஆண்டவரிடம் சுகமாக இருப்பதாகப் பாஸ்டர் சொன்னார். மாமல்லபுரத்தில் அக்கா நானும் சுகம்தான். நீ வேலை செய்த ஓட்டலில், உன்னைக் கரண்ட் அடித்த அதே மெஷினில்தான் இப்போது நான் துணி போடுகிறேன். இன்னும் அதைச் சரிசெய்யவில்லை. நேற்று என் கையிலும் சுருக்கென்றது. கொஞ்சம்தான்.

"மேனேஜருக்கு எழுதிக் குடுக்கலாம், நீ எழுதுடி" என்றாள் என்னோடு துணி துவைக்கும் சந்திரம்மா. முதல் கையெழுத்துப் போட்டவளைத்தான் வேலையைவிட்டுத் துரத்துவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதனால் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, அதைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டோம். யார் முதல் என்று தெரியாது. எழுதியவள் யாரென்றும் தெரியக்கூடாதென்று, புத்தக எழுத்து மாதிரி எழுதினேன்.

தாளை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்த சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ளையார் சுழி போடுற எடத்துல இன்னாடி சிலுவை? அதுக்கு உன் பேரையே எழுதிருக்கலாமே."

எதை எழுதினாலும் முதலில் சிலுவை போடச் சொல்லித்தானே எனக்கு எழுதப் பழக்கினாய். கை தானாகப் போட்டுவிட்டது. இங்கே சர்ச்சுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

நாளைக் காலையில் மேனேஜர் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கனவில் வந்தால் இதைச் சொல்லாதே. அக்கா வேளைக்குச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் சொல்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். "எழுதினது யாரு?" என்று அவர் கேட்டால் நான் கையைத் தூக்கட்டுமா, குட்டிம்மா?